டோல்கேட் புகை: நிற்பதில் கொஞ்சம், கிளம்புவதில் மிச்சமெல்லாம்

டோல்கேட்டில் வண்டிகள் வரிசை கட்டி நிற்பதால்தான் புகை, ஃபாஸ்டேக் வந்து வரிசை குறைந்துவிட்டால் புகையும் குறைந்துவிடும் என்றுதான் பெரும்பாலோர் கணக்குப் போடுகிறார்கள். அது பாதிதான் சரி. சேலத்திலிருந்து எந்தப் பக்கம் போனாலும் ஒரு சுங்கச்சாவடி உண்டு: பெங்களூரு சாலையில் ஓமலூர், கோவை சாலையில் வைகுந்தம், உளுந்தூர்பேட்டை சாலையில் மேட்டுப்பட்டி. இந்த மாதிரி இடங்களுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களும் கடை வைத்திருப்பவர்களும் காற்றை அளந்து பார்க்க நினைத்தால், அல்லது மனு கொடுக்க நினைத்தால், முதலில் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

லோடோடு 35 டன் இருக்கும் பன்னிரண்டு சக்கர லாரியை எடுத்துக்கொள்வோம். நின்ற இடத்திலிருந்து 60 கி.மீ. வேகத்துக்கு அதைக் கொண்டுபோக ஏறக்குறைய 4.9 மெகாஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு லிட்டர் டீசலில் இருப்பது சுமார் 36 மெகாஜூல். அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல்தான் சக்கரத்துக்குப் போகும், 12.6 மெகாஜூல் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் ஒரு தடவை நின்று கிளம்ப 390 மில்லி டீசல். டயர் உருளும் தடையையும் ஏற்றத்தையும் இதில் சேர்க்கவே இல்லை. அதே லாரி சும்மா ஐடிலில் நின்றால் மணிக்கு 2 லிட்டர் குடிக்கும் என்று கொண்டால், நிமிடத்துக்கு 33 மில்லி. ஆக ஒரு முறை கிளம்புவதும் பன்னிரண்டு நிமிடம் நிற்பதும் ஒன்று. 1,200 கிலோ காருக்கு, பெட்ரோலில் கால் பங்குதான் சக்கரத்துக்குப் போகும் என்று கொண்டு இதே கணக்கைப் போட்டால் ஒரு கிளம்பலுக்கு 21 மில்லி பெட்ரோல் வரும். ஐடிலில் இரண்டு நிமிடம் நிற்பதற்குச் சமம். கார்க்காரர் வரிசையில் நின்றதை நினைத்து எரிச்சல்படுவதும், லாரிக்காரர் பிரேக்கை மிதிக்க வேண்டியிருக்கிறதே என்று எரிச்சல்படுவதும் இதனால்தான். இருவரும் அவரவர் அளவில் சரியாகத்தான் எரிச்சல்படுகிறார்கள்.

இதிலிருந்து ஒரு சங்கடமான முடிவு வருகிறது. ஃபாஸ்டேக் லேனில் நிற்காமல் 20 கி.மீ. வேகத்தில் உருண்டு போனால்கூட, மறுபடி 60-க்கு ஏற வேண்டிய ஆற்றலில் ஒன்பதில் எட்டுப் பங்கு அப்படியே செலவாகிறது. வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்த கணக்கு அது. 40-ல் போக முடிந்தால்தான் செலவு ஒன்பதில் ஐந்தாகக் குறையும். தடுப்புக் கட்டை இருக்கும்வரை யாரும் 40-ல் போகப் போவதில்லை. தடுப்பே இல்லாமல், மேலே வளைவு கட்டி கேமராவும் ரீடரும் வைத்து ஓடுகிற ஓட்டத்தில் பணம் எடுக்கும் முறைக்கும் இப்போதைய ஃபாஸ்டேக்குக்கும் காற்றின் கணக்கில் உள்ள வித்தியாசம் இதுதான். இப்போதைய முறை வரிசையைக் குறைக்கிறது. வேகம் இறங்கி ஏறுவதை அவ்வளவாகக் குறைப்பதில்லை.

அதற்காக வரிசை ஒரு பொருட்டே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஐடிலில் டீசல் குறைவாக எரிந்தாலும், எரிகிற ஒவ்வொரு மில்லிக்கும் அழுக்கு அதிகம். 2020 ஏப்ரல் 1 முதல் வந்த பி.எஸ். 6 (புதிய புகை வரம்பு) லாரிகளில் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க ஆட்ப்ளூ என்ற யூரியாக் கரைசலைப் புகைக்குழாய்க்குள் தெளிக்கிறார்கள். புகைக்குழாய் ஏறக்குறைய 200 டிகிரி சூட்டில் இருந்தால்தான் தெளிப்பே நடக்கும். பத்துப் பதினைந்து நிமிடம் ஊர்ந்து ஊர்ந்து போனால் குழாய் ஆறிவிடும். பிறகு கேட்டைத் தாண்டி ஆக்சிலேட்டரை அமுக்கும்போது, மறுபடி சூடேறும்வரை புது வண்டியும் பழைய வண்டி மாதிரிதான். புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டிக்கும் இதே கதை: சேர்ந்த கரியை எரித்துச் சுத்தப்படுத்திக்கொள்ள 550, 600 டிகிரி வேண்டும். வரிசையில் அது கிடைக்காது. பழைய வண்டிகளின் கோளாறு வேறு. இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போ சுற்றி எழுவதற்குள் டீசல் முந்திக்கொண்டு போய்விடும். காற்று பற்றாமல் கருப்பாகத் தள்ளும். ஒவ்வொரு முறை அரை வண்டி நீளம் நகரும்போதும் வருகிற அந்தக் குப்பென்ற கரும்புகை இதுதான்.

ஒரு டேக் படிக்கவில்லை என்றால்

2021 பிப்ரவரி 15 நள்ளிரவு முதல் ஃபாஸ்டேக் கட்டாயம். அதே ஆண்டு தேசிய நெடுஞ்சாலை ஆணையம் சொன்ன அளவு, நெரிசல் நேரத்திலும் ஒரு வண்டிக்கு 10 விநாடிக்கு மேல் ஆகக் கூடாது, வரிசை 100 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது. அந்த 100 மீட்டரைக் காட்டத்தான் ஒவ்வொரு லேனிலும் மஞ்சள் கோடு போடச் சொன்னார்கள். இதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு லேனைப் பாருங்கள். 10 விநாடிக்கு ஒன்று என்றால் நிமிடத்துக்கு 6 வண்டி போகும். நிமிடத்துக்கு 5 வந்துகொண்டிருக்கிறது என்று வைப்போம். எல்லாம் சுகம். இப்போது ஒரு டேக் படிக்கவில்லை. 3 நிமிடம் போய்விட்டது. பின்னால் 15 வண்டி சேர்ந்துவிடும். அதன் பிறகு 6 போகும், 5 வரும், ஆக நிமிடத்துக்கு ஒன்றுதான் குறையும். வரிசை தீரக் கால் மணி நேரம். அந்த முதல் 15 வண்டிகள் மட்டும் ஒவ்வொரு இடமாக நகர்ந்து கேட்டை அடைய மொத்தம் 120 தடவை நின்று கிளம்பும். மூன்று நிமிடக் கோளாறு, 120 கிளம்பல். சாவடியில் புகை எப்போது ஏறுகிறது என்று பார்ப்பவர்கள் வண்டி எண்ணிக்கையை மட்டும் எண்ணினால் இது கண்ணில் படாது.

டேக் படிக்காததற்குக் காரணங்கள் பெரும்பாலும் சில்லறைக் காரணங்கள்தான். கண்ணாடியின் உள்பக்கம், பின்பார்வைக் கண்ணாடிக்குப் பின்னால் ஒட்ட வேண்டியதை டேஷ்போர்டில் போட்டு வைத்திருப்பார்கள். கையில் எடுத்துக் காட்டுவார்கள். இப்படிக் கையில் பிடிக்கும் டேக்குகளைக் கருப்புப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி 2025-ல் ஆணையம் உத்தரவே போட்டது. உலோகப் பூச்சு உள்ள சூட்டுத்தடுப்புப் படலம் ஒட்டிய கண்ணாடியில் ரேடியோ அலை சரியாகப் போகாது. பழைய டேக்கை உரிக்காமல் பக்கத்திலேயே புதியதை ஒட்டினால் ரீடர் எதைப் படிக்கும் என்று அதற்கே தெரியாது. லாரிகளில் இன்னொன்று: கண்ணாடியில் சாமி படம், எலுமிச்சை மிளகாய், வெட்டிவேர்ச் சரம். இவையெல்லாம் டேக்கை ஒன்றும் செய்யாது; ஜிகினாத் தாள், அலுமினிய ஸ்டிக்கர் மறைத்தால்தான் சிக்கல்.

இருப்பு இல்லாமல் வருவது எல்லாவற்றிலும் பெரிய தலைவலி. வரிசையில் நின்றுகொண்டே போனில் ரீசார்ஜ் செய்தால் உடனே ஆகிவிடும் என்று நினைக்கிறார்கள். வங்கியிலிருந்து தகவல் சாவடியின் பட்டியலுக்கு வந்து சேர நேரம் பிடிக்கும். கடைசி டீக்கடையிலாவது பார்த்துவிட வேண்டும். டேக் இல்லாமல் ரொக்கமாகக் கட்டினால் இரண்டு மடங்கு, யு.பி.ஐ.யில் கட்டினால் 1.25 மடங்கு என்று 2025 நவம்பர் 15 முதல் ஆனது. ரொக்கத்தைவிட அது தேவலை. ஆனால் க்யூ.ஆரைக் காட்டி, தொகையைப் போட்டு, பின் நம்பர் அடித்து, சிக்னலுக்குக் காத்திருந்து முடிப்பதற்குள் 10 விநாடி எப்போதோ போய்விட்டிருக்கும். சாவடி நடத்துபவர்களிடம் கேட்பதானால் இதைக் கேளுங்கள்: லேனுக்கு ஒரு கைரீடர் வைத்து, தடுப்புக்கு 30 மீட்டர் முன்னாலேயே ஓர் ஆள் நின்று படித்துப் பார்த்து, படிக்காத வண்டியை ஓரத்து லேனுக்குத் திருப்பிவிடுவது. செலவு குறைந்த வேலை. தடுப்பு வரை வந்த வண்டியைப் பின்னால் எடுக்கச் சொல்வதுதான் இருப்பதிலேயே மோசம்; அதற்குப் பின்னால் நிற்பவர்கள் எல்லாரும் ரிவர்ஸ் போட வேண்டும்.

தூசி

புகையைப் பற்றி இவ்வளவு பேசினாலும், சாவடிக்குப் பக்கத்து வீட்டுத் திண்ணையில் படிவதில் பெரும்பகுதி புகை இல்லை, சாலைத் தூசி. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் பழைய கணக்கு முறை ஒன்று உண்டு, உலகம் முழுக்கப் பயன்படுகிறது. தார்ச் சாலையில் எழும் தூசி இரண்டு விஷயத்தைப் பொறுத்தது என்கிறது அது: ஒரு சதுர மீட்டரில் படிந்திருக்கும் மெல்லிய தூளின் எடை 0.91 அடுக்கில், ஓடும் வண்டிகளின் சராசரி எடை 1.02 அடுக்கில். எளிமையாகச் சொன்னால் தூள் இரட்டித்தால் தூசி ஏறக்குறைய 1.9 மடங்கு, சராசரி எடை இரட்டித்தால் தூசியும் இரட்டிப்பு. கார் போகும் சாலையையும் டாரஸ் லாரி போகும் சாலையையும் ஒரே மாதிரி கூட்டிப் பெருக்கினால் போதாது என்பதற்குக் காரணம் இதுதான்.

இந்தத் தூளை நீங்களே அளக்கலாம். போக்குவரத்து நிறுத்தாமல் சாலைக்குள் இறங்காதீர்கள். ஓரத்தில், வெள்ளைக் கோட்டுக்கு வெளியே, ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கட்டம் சாக்பீஸால் போட்டு, பெயின்ட் பிரஷ்ஷால் முழுவதும் கூட்டி ஒரு கவரில் எடுங்கள். வெயிலில் காய வைத்து, 75 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) சல்லடையில் சலித்து, கீழே விழுந்ததை மட்டும் நிறுக்க வேண்டும். அந்தச் சல்லடை மாவு மில்லில் கிடைக்காது. சிவில் பாடம் உள்ள கல்லூரி ஆய்வகத்தில் மண் சோதனைக்கு வைத்திருப்பார்கள். ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு உதவாது, 0.1 கிராம் காட்டும் நகைத் தராசு வேண்டும். சேலத்தில் நகைத் தராசுக்குப் பஞ்சமில்லை. ஓரத்துக் கணக்கு ஓடுபாதைக் கணக்கைவிடக் கூடுதலாகத்தான் வரும் என்பதை எழுதி வையுங்கள். சாவடியில் ஒன்று, 2 கிலோமீட்டர் தள்ளி ஒன்று எடுத்து ஒப்பிட்டால்தான் அர்த்தம்.

இந்தப் பக்கத்தில் தூள் எங்கிருந்து வருகிறது? தார்ப்பாய் போடாத ஜல்லி, எம்-சாண்ட் லோடுகள், வெள்ளைக்கல் லாரிகள், மண் ஓரத்தில் இறங்கி ஏறும் டயர்கள். சாவடிக்கு முன்னால் சாலை அகன்று விரியும் இடத்தில் எல்லாரும் குறுக்கே பாய்ந்து லேன் பிடிப்பதால் மண் ஓரம் தார் மேல் ஏறிவிடுகிறது. ஓரத்தில் 3 மீட்டராவது கல் பதித்தோ தார் போட்டோ விட்டால் பாதித் தொல்லை தீரும். கூட்டுவதைப் பொறுத்தவரை, விளக்குமாற்றால் உலர்வாகக் கூட்டுவது தூளை நீக்குவதில்லை, காற்றில் தூக்கிவிட்டு இன்னோர் இடத்தில் இறக்குகிறது. தண்ணீர் தெளித்துக் கூட்ட வேண்டும், அல்லது உறிஞ்சு வண்டி வர வேண்டும். சித்திரை வெயிலில் தெளித்த தண்ணீர் ஒரு மணி நேரம் தாங்கினால் பெரிது.

தூளைக் கையில் எடுத்துப் பார்த்தே ஓரளவு சொல்லலாம். ஜன்னல் கம்பியைத் துடைத்த துணியில் பழுப்பாக நறநறவென்று இருந்து தண்ணீரில் போய்விட்டால் மண். கருப்பாகப் பிசுபிசுத்து, சோப்புப் போட்டாலும் விரல் ரேகையில் நின்றால் புகைக்கரியும் டயர்த் துகளும். பிரேக் தூளில் இரும்பு இருக்கும், அதனால் காந்தத்தைத் தாளில் சுற்றி மேலே ஓட்டினால் ஒட்டும் என்று பல ஊர்களில் சொல்லிக்கொடுக்கிறார்கள். சேலத்தில் அதை நம்பாதீர்கள். கஞ்சமலையே மாக்னடைட் இரும்புக் கல் மலை. அந்தப் பக்கத்து மண்ணை வெறுமனே அள்ளினாலும் காந்தத்தில் ஒட்டும்.

சென்சார் வைப்பவர்களுக்கு

இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாயில் லேசர் சென்சார் வாங்கி மாட்டுபவர்கள் பெருகிவிட்டார்கள். நல்லதுதான். பி.எம்.எஸ். 5003, எஸ்.டி.எஸ். 011 இரண்டும் இங்கே தாராளமாகக் கிடைக்கின்றன. ஆனால் அவை எதைப் பார்க்கின்றன, எதைப் பார்ப்பதில்லை என்று தெரியாமல் மாட்டினால் தப்பான சண்டைக்குப் போவீர்கள். 0.3 மைக்ரானுக்குக் கீழே இருப்பதை அவற்றால் சரியாக எண்ண முடியாது. டீசல் கரியில் எண்ணிக்கைப்படி பெரும்பகுதி 0.1 மைக்ரானுக்குக் கீழே. அதாவது கண் முன்னால் லாரி கரும்புகை தள்ளும்போதுகூட எண் அவ்வளவு ஏறாது. மறுபக்கம், பி.எம். 10 (10 மைக்ரான் வரையுள்ள துகள்கள்) என்று காட்டும் எண்ணும் பெரும்பாலும் ஊகம். பெரிய துகள்கள் அந்தச் சின்ன விசிறிக்குள் வந்து சேர்வதில்லை. நம்பத் தகுந்தது பி.எம். 2.5, அதாவது 2.5 மைக்ரான் வரையுள்ள துகள்களின் எண் மட்டும்தான், அதுவும் ஈரம் குறைவாக இருந்தால். ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டினால் துகள்கள் நீரைக் குடித்து உப்பி, எண் கூடுதலாகக் காட்டும். மார்கழிக் காலையில் பனியை அளந்துவிட்டுப் புகை என்று மனு எழுதிய கதையாகிவிடும். ஈரப்பதச் சென்சார் ஒன்றையும் சேர்த்தே மாட்டி, 80-க்கு மேல் போன நேரத்தைத் தனியாகக் குறித்து வையுங்கள்.

ஒரு சென்சாரால் ஒன்றும் சொல்ல முடியாது. குறைந்தது மூன்று வேண்டும். முதலில் மூன்றையும் ஒரே மொட்டை மாடியில் பக்கத்தில் பக்கத்தில் மூன்று நாள் ஓட்டி, எது எவ்வளவு கூட்டிக் குறைத்துக் காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒன்று சாவடி வரிசைக்கு 20 மீட்டரில். இரண்டாவது அதே சாலையில் 2 கிலோமீட்டர் தள்ளி, வண்டிகள் நிற்காமல் ஓடும் இடத்தில், அதே 20 மீட்டரில். மூன்றாவது சாலையிலிருந்து 500 மீட்டர் விலகி, காற்று வரும் பக்கம். மூன்றாவதைக் கழித்தால் சாலையின் பங்கு. முதலாவதற்கும் இரண்டாவதற்கும் உள்ள வித்தியாசம்தான் சாவடியின் பங்கு. இந்த இரண்டாவது இடத்தை வைக்காமல் விட்டுவிடுவதுதான் எல்லாரும் செய்யும் பிழை. ஊருக்குள் இருக்கும் அளவோடு சாவடியை ஒப்பிட்டால், சாலை இருப்பதற்கே சாவடியைக் குற்றம் சொன்னதாகும்.

உயரம் தரையிலிருந்து 2 மீட்டர். வாய் கீழ்நோக்கி இருக்க ஒரு பி.வி.சி. வளைவுக் குழாய், அதில் கொசுவலை. வலை இல்லாவிட்டால் ஒரு வாரத்தில் சிலந்தி குடிபுகுந்துவிடும். லேசர் 8,000 மணி நேரம் தாங்கும் என்பார்கள். விடாமல் ஓட்டினால் ஒரு வருடம்கூட வராது, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை முப்பது விநாடி விசிறியை ஓடவிட்டு அதன் பிறகு அளவெடுக்கும்படி நிரலை எழுதினால் பல வருடம் வரும். எல்லாவற்றையும்விட முக்கியம், அக்கம்பக்கம் பார்ப்பது. ஐந்து மீட்டரில் மணல் சட்டியில் கடலை வறுக்கும் தள்ளுவண்டி ஒன்று நின்றால் போதும், நெடுஞ்சாலையின் அத்தனை லாரிகளையும் அது ஒன்றே தோற்கடித்துவிடும். டீக்கடை அடுப்பு, குப்பை கொளுத்தும் மூலை, ஜெனரேட்டர் எல்லாம் அப்படித்தான்.

எண் வந்த பிறகு இன்னொரு குழப்பம். ஒரு நிமிட எண்ணை 24 மணி நேர வரம்போடு ஒப்பிடக் கூடாது. நம் நாட்டு 2009 வரம்பில் பி.எம். 2.5 ஒரு நாள் சராசரி, ஒரு கன மீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராம், ஆண்டுச் சராசரி 40. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது 15, 5. போன் செயலிகளில் சில இந்தியக் காற்றுத் தரக் குறியீட்டையும் சில அமெரிக்கக் குறியீட்டையும் காட்டும். 60 மைக்ரோகிராம் இந்தியக் குறியீட்டில் 100, அமெரிக்கக் குறியீட்டில் 150-ஐத் தாண்டும். காற்று ஒன்றுதான், வாட்ஸாப் குழுவில் சண்டை மட்டும் இரண்டு. மைக்ரோகிராமிலேயே பேசுங்கள். ஒப்பிட்டுப் பார்க்கச் சோனா கல்லூரி வளாகத்தில் மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் தொடர் கண்காணிப்பு நிலையம் இருக்கிறது. அதன் எண்களை மத்திய வாரியத்தின் தளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

போக்குவரத்தின் அடையாளம் வேண்டுமானால் உண்மையில் பார்க்க வேண்டியது நைட்ரஜன் டை ஆக்சைடு. அதற்கு மின்சாரம் வேண்டாத பரவல் குழாய்கள் உண்டு. விரல் நீளக் குழாய்க்குள் ரசாயனம் தோய்த்த வலை. இரண்டு முதல் நான்கு வாரம் கம்பத்தில் கட்டிவைத்துக் கழற்றி ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். நிமிடக் கணக்கு கிடைக்காது, இடத்துக்கு இடம் வித்தியாசம் துல்லியமாகக் கிடைக்கும். சாவடிக்கு அதுதான் தேவை.

காற்றின் திசையைக் காகிதத்தில் எழுதாமல் எதையும் எழுத வேண்டாம். ஓமலூர் சாலை சேலத்திலிருந்து வடமேற்காகப் போகிறது. தென்மேற்குக் காற்று அடிக்கும் ஆனி, ஆடியில் அது சாலையைக் குறுக்கே வெட்டும். புகை முழுவதும் சேர்வராயன் மலைப் பக்கம் போகும், சாலைக்கு மறுபக்கம் சுத்தமாக இருக்கும். வைகுந்தம் சாவடி இருக்கும் சங்ககிரி சாலை தென்மேற்காகவே ஓடுகிறது. அங்கே அதே காற்று சாலை நெடுகிலும் புகையைத் தள்ளிக்கொண்டு போகும். எந்தப் பக்கத்துக்கும் விடுதலை இல்லை. ஒரே மாதத்தில், ஒரே வண்டிக் கூட்டத்தில், இரண்டு சாவடிகள் வேறு வேறு கதை சொல்வதற்கு இது போதும். காற்றின் திசைக்கு விலை உயர்ந்த கருவி வேண்டாம், கட்சிக் கொடிக் கம்பம் எல்லா ஊர் முனையிலும் இருக்கிறது.

மாதத்தைவிட மணி முக்கியம். வடக்கே சேர்வராயனும் நகரமலையும், தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை என்று சேலம் ஒரு சட்டிக்குள் இருக்கிறது. பனிக்காலத்தில் இரவு குளிர்ந்த காற்று கீழே தங்க, மேலே வெதுவெதுப்பான காற்று மூடி போட்டுவிடும். பகலில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் கலந்து விரியும் புகை, அப்போது நூறு இருநூறு மீட்டருக்குள் அடங்கிக் கிடக்கும். நீண்ட தூர லாரிகள் அதிகம் ஓடுவதும் அந்த நேரம்தான். தை மாதத்தில் காலை ஏழு மணிக்கு ஏற்காடு லேடீஸ் சீட்டில் நின்று கீழே பாருங்கள். ஊர் மேல் பழுப்புப் போர்வை இருந்து, அதன் மேல்விளிம்பு ஸ்கேல் வைத்து இழுத்தது போல் நேராக இருந்தால் மூடி விழுந்திருக்கிறது. ஒன்பது, பத்து மணிக்கு அது கலையும். அதிகாலை நடைப்பயிற்சிக்கு நெடுஞ்சாலை ஓரத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் இதை ஒரு முறை மேலே போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

யாருடைய மூக்கு

வாகனத்தின் புகைக்குழாய் கீழ்நோக்கியும் இடப்பக்கமும் இருக்கக் கூடாது என்பது மோட்டார் வாகன விதி. நடந்து போகிறவர்கள் இடப்பக்கம் இருப்பார்கள் என்று யோசித்து எழுதிய விதி போலிருக்கிறது. டோல்கேட்டில் அதுவே வினையாகிறது. பணம் வாங்குபவர் ஓட்டுநர் பக்கம், அதாவது வலப்பக்கம் உட்கார்ந்திருக்கிறார். பக்கவாட்டில் குழாய் வைத்த லாரி கிளம்பினால் புகை அவர் அறையைத் தேடித்தான் வரும். அறையில் ஏ.சி. இருக்கிறது என்பது பதில் ஆகாது, சாதாரண ஏ.சி. உள்ளே இருக்கும் காற்றையே சுற்றிவிடும், சன்னல் திறக்கும்போதெல்லாம் வந்ததையும் சேர்த்து. கூரைக்கு மேலிருந்து குழாய் இழுத்து, வடிகட்டி, உள்ளே லேசாக அழுத்தம் இருக்கும்படி காற்றைத் தள்ளினால், சன்னல் திறந்தாலும் காற்று வெளியேதான் போகும். தாளின் ஒரு துண்டைச் சன்னலில் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும், வெளிப்பக்கம் சாய வேண்டும். என்.95 முகக்கவசம் துகளைப் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது.

இன்னொரு கூட்டம் இருசக்கர வாகனக்காரர்கள். அவர்களுக்குச் சுங்கம் இல்லை. அதனால் இடது ஓரத்து ஒடுக்கமான பாதை, மண் ஓரத்தை ஒட்டி. லாரி வரிசையின் மறுபக்கம், தூசியின் மேல். அந்தப் பாதையை ஒட்டித்தான் கொய்யா, வெள்ளரிப்பிஞ்சு விற்பவர்களும் நிற்கிறார்கள். காரில் போகிறவர் கண்ணாடியை ஏற்றி, ஏ.சி.யை உள்சுழற்சியில் போட்டுக்கொண்டால் துகள் வெகுவாகக் குறையும். கடந்த பிறகு வெளிக்காற்றுக்கு மாற்ற மறக்கக் கூடாது. நாலு பேர் அடைத்த காரில் கால் மணி நேரத்துக்கு மேல் உள்சுழற்சியிலேயே விட்டால் கரியமில வாயு ஏறி ஓட்டுநருக்குக் கொட்டாவி வரும்.

சாவடிப் புகை உடம்பை என்ன செய்யும் என்பதற்கு நல்ல சான்று அமெரிக்காவில் நியூ ஜெர்சி, பென்சில்வேனியா மாநிலங்களிலிருந்து இருக்கிறது. அங்கே மின்னணுச் சுங்கம் வந்த பிறகு, சாவடிக்கு 2 கிலோமீட்டருக்குள் வசித்த தாய்மாருக்குக் குறைமாதப் பிரசவம் 10.8 சதவீதமும் எடை குறைந்த குழந்தைகள் 11.8 சதவீதமும் குறைந்தன. 2 முதல் 10 கிலோமீட்டருக்குள் இருந்தவர்களோடு ஒப்பிட்ட கணக்கு. 2011-ல் வந்த ஆய்வு. அங்கே வண்டிக் கூட்டமும் எரிபொருளும் வேறு. நம் ஊருக்கு அந்தச் சதவீதத்தை அப்படியே ஒட்ட முடியாது. ஆனால் 2 கிலோமீட்டர் என்ற தூரத்தைக் குறித்துக்கொள்ளலாம்.

ஓட்டுநர்களிடம் வரிசையில் இன்ஜினை அணைக்கச் சொன்னால் வழக்கமாக வரும் பதில், "ஆஃப் பண்ணா செல்ஃப் எடுக்காது தம்பி." சாக்கு இல்லை, உண்மை. பேட்டரி செத்த வண்டி, அல்லது ஏர் கசியும் வண்டி. இன்ஜின் நின்றால் பிரேக் காற்று இறங்கிவிடும். மறுபடி ஏற்றாமல் நகர முடியாது. ஆகவே அறிவுரைப் பலகையை வைப்பதைவிட, ஏர் லைனில் சோப்பு நுரை தடவிக் கசிவைக் கண்டுபிடித்து அடைப்பது புகையைக் குறைக்கும். சங்ககிரி, நாமக்கல் பட்டறைகளில் அரை நாள் வேலை. அதோடு, முன் வண்டி நகர்ந்ததும் ஒட்டிக்கொண்டு ஓடி நிற்காமல், இரண்டு வண்டி இடம் விட்டு முதல் கியரில் ஆக்சிலேட்டர் தொடாமல் ஊர்வது. இடையில் கார்க்காரர் நுழைவார்தான். அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். ஆட்ப்ளூவுக்குப் பதில் உர யூரியாவைக் கரைத்து ஊற்றுவதும், தெளிப்பே நடக்காமல் கம்ப்யூட்டரை ஏமாற்றும் டப்பா மாட்டுவதும் இங்கே நடக்கிறது. முதலாவதில் உப்பு படிந்து குழாய் அடைத்துக்கொள்ளும்; மாற்றும் செலவு, மிச்சம் பிடித்ததையெல்லாம் விழுங்கிவிடும்.

மலையில் கணக்கு மாறும்

ஏற்காட்டுக்குச் சுங்கம் இல்லை, ஆனால் அடிவாரத்தில் சோதனைச்சாவடி உண்டு. கோடை விழா நாளில் அங்கே நிற்கும் வரிசையைப் பார்த்துவிட்டு, டோல்கேட் கணக்கை அப்படியே இங்கேயும் போடுகிறார்கள். இங்கே அது பொருந்தாது. 1,200 கிலோ காரை அடிவாரத்திலிருந்து மேலே ஏறக்குறைய 1,100 மீட்டர் தூக்குவதற்கு மட்டும் 13 மெகாஜூல், அதாவது 1.6 லிட்டர் பெட்ரோல். ஒரு முறை நின்று கிளம்பும் 21 மில்லி அதற்கு முன்னால் தூசு. மலையில் புகையைக் குறைக்க வேண்டுமானால் ஏறும் வண்டிகளின் எண்ணிக்கையைத்தான் குறைக்க வேண்டும். ஒரு பேருந்தில் ஐம்பது பேர் போவதும் பதினைந்து காரில் போவதும் ஒன்றல்ல. சோதனையை மலைக்கு ஏறும் சரிவில் வைக்காமல் சமதளத்தில் வைத்தால் சரிவில் கிளட்ச் கருகுவது மிச்சம்.

ஏற்றிய அந்த 13 மெகாஜூலும் இறங்கும்போது எங்காவது போய்த்தானே ஆக வேண்டும். இன்ஜினில் போனால் யாருக்கும் கெடுதல் இல்லை. பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்கினால் பெரும்பகுதி பிரேக் பேடில் போகும், பேட் தூளாகிக் காற்றில் போகும். உண்மையில் மிச்சமும் இல்லை. கியரில் போட்டு ஆக்சிலேட்டரை விட்டால் இப்போதைய வண்டிகள் பெட்ரோலை முற்றிலும் நிறுத்திவிடும், நியூட்ரலில்தான் ஐடிலுக்குக் குடிக்கும். இருபது கொண்டை ஊசி வளைவுகளும் இரண்டாவது கியர். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வதும் அதுதான். அடிவாரத்தில் வந்து நிற்கும்போது கருகிய நாற்றம் வந்தால் சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் வளைந்துவிடும். கை பிரேக்கையும் போட வேண்டாம், சூட்டில் ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, ஒரு டீ குடிக்கிற நேரம் ஆறவிட்டால் போதும்.